பல்லுக்காரி சொன்னால் கேட்பார்

ஜூன் 9, திங்கள்

இன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் பல் தேய்த்தார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் இந்த மனுஷன் பொழுது சாய்ந்த பிறகு வாய் கொப்பளித்துக்கூட நான் பார்த்ததில்லை. சாப்பிட்ட கையோடு பாக்குப் பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டு படுக்கப் போகிற ஆள். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் குழாயடியில் வாயெல்லாம் நுரையோடு நிற்கிறார்.

"ஏனுங்க, இது என்ன கூத்து?" என்றேன்.

துப்பிவிட்டு, "டாக்டர் சொன்னாங்க" என்றார்.

கோவை ரோட்டில் ஒரு மாடியில் புதிதாகப் பல் டாக்டர் வந்திருக்கிறாராம். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற கம்பெனியில் இவரோடு சீட்டுக்கு மெத்தை அடிக்கிற வேலை செய்கிறவர் யாரோ சொல்லிப் போனாராம். ஆணா பெண்ணா என்று கேட்டேன். "சின்ன வயசுதான்" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலா? பெண் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

பிரஷ் இரண்டு வாங்கி வந்திருக்கிறார். அவருக்கு நீலம், எனக்கு ரோஸ். தொட்டால் மெத்தென்று இருக்கிறது. அதை வைத்து என்னத்தைத் தேய்ப்பது? போகிக்குப் பழசைப் போட்டுவிட்டு வாங்கின கெட்டி பிரஷ் எனக்கு இருக்கிறது. அழுத்தித் தேய்த்தால்தான் எனக்குத் தேய்த்த மாதிரி இருக்கும். ரோஸ் பிரஷைத் தையல் மெஷின் பல்லுக்கடியில் சேருகிற பஞ்சைத் தட்ட வைத்துக்கொண்டேன். அதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் தேய்த்தார்.

ஜூன் 13, வெள்ளி

எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெட்டின துணி வந்திருக்கிறது. எல்லாம் ஏப்ரன். தைத்து, நூல் முனையைப் பல்லால் கடித்து அறுத்து, ஓரமாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். கத்தரியைத் தேடி எடுத்து வெட்டுவதற்குள் அடுத்த உருப்படியே முடிந்துவிடும்.

அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பிரஷைச் சாய்த்து வைக்க வேண்டுமாம். அழுத்தவே கூடாதாம். சின்னச் சின்ன வட்டமாக, உள்பக்கம் வெளிப்பக்கம் எதையும் விடாமல் இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டுமாம். நாக்கையும் வழிக்க வேண்டுமாம். மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷாம்.

"ராத்திரி தேய்க்கறதுதான் ரொம்ப முக்கியம் சுலோ. தூங்கறப்ப எச்சில் கம்மியாத்தான் ஊறுமாம். பல்லுல ஒட்டுனது அப்பிடியே கெடந்து ஈறைக் கெடுத்துப் போடுமாம். டாக்டர் சொன்னாங்க."

வேலையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். எரிச்சல் தாங்கவில்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமையிலிருந்து அவர் பாக்கே போடவில்லை. அந்தப் பாக்கை விடச் சொல்லி நான் கெஞ்சியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது அவள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியும் மறுநாளே போட்டார். நேற்று வந்த பல்லுக்காரி ஒரு வார்த்தை சொன்னாள், முடிந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. நல்லது யார் சொன்னால் என்ன.

ஜூன் 17, செவ்வாய்

நான்கு நாளாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். கேட்டால் புழுக்கமாம். சுவரிலிருந்தா காற்று வருகிறது?

மார்க்கெட்டுக்கு வண்டியில் போனோம். உள்ளூரில் ஹெல்மெட் போட மாட்டேன் என்று போலீஸ்காரரிடமே தகராறு செய்கிறவர், இன்று ஹெல்மெட் போட்டுக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டார். பின்னால் உட்கார்ந்து நான் பேசினது ஒன்றும் அவர் காதில் விழவில்லை. திரும்பி வரும்போது சோம்பு மிட்டாய்ப் பொட்டலம் வாங்கி, "இந்தா, போட்டுக்கோ" என்று முதலில் என் கையில்தான் கொட்டினார். பழைய பாசம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது போல.

ஜூன் 22, ஞாயிறு

அவருடைய அக்கா கலாமணி நங்கையா பேத்திக்குக் காதுகுத்து. விருந்து நன்றாக இருந்தது. எனக்கு வலப்பக்கம் மட்டும் மெல்லுவதுதான் தோது, அதனால் பந்தியில் கடைசியாக எழுந்தேன்.

பந்தல் ஓரத்தில் அவரும் நங்கையாவும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. நங்கையா முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "புகையா இருக்குது" என்றார். அடுப்பு அந்தப் பக்கமே இல்லை. அப்புறம் என் தோளைத் தடவி, "சுலோ, நீயும் ஒருக்கா அந்தப் பல் டாக்டரைப் போய்ப் பாத்துட்டு வா சாமி" என்றார்.

"எனக்கென்னங்க நங்கையா, என்ற பல்லு நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

தம்பியின் கூத்து அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. அவளைப் போய்ப் பார்த்து நானே தெரிந்துகொள்ளட்டும் என்று நாசூக்காகச் சொல்கிறார். வண்டியில் வரும்போது அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

நூல் வாங்கும் சாக்கில் கோவை ரோட்டுக்குப் போனேன். நூல் கடைக்கு எதிர்மாடிதான். கடைக்காரர் கலர் கலராக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார், என் கண் படிக்கட்டின் மேலேயே இருந்தது. மத்தியானம் அவள் கீழே இறங்கி வந்தாள். சாப்பாட்டுப் பையோடு ஸ்கூட்டரில் ஏறினாள். முப்பதுகூட ஆகியிருக்காது. வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பல் என்றால் அதுதான் பல். வரிசை தப்பாமல், ஒன்றோடு ஒன்று இடிக்காமல், வெள்ளை வெளேரென்று. ஈறு தாமரை நிறம். கையை வைத்து மூடாமல் சிரிக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் பல்லைப் பார்த்தேன். முன்பல் இரண்டிலும் நூல் கடித்துக் கடித்து வெட்டு விழுந்திருக்கிறது. கீழ்ப்பல் ஓரமெல்லாம் மஞ்சளாகக் காரை பிடித்திருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது அவர் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு, "சிரிச்ச மொகமா இருக்குது" என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டார். அந்த முகத்துக்கு இப்போது யார் போட்டி என்று பார்த்துவிட்டு வந்தேன்.

பொறாமை இல்லை என்று பதிமூன்றாம் தேதி எழுதியிருந்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் துப்பினால் சிவப்பாக வருகிறது. பிரஷ் சரியில்லை. இரண்டு நாள் கையாலேயே பல்பொடி போட்டுக்கொள்ளலாம்.

ஜூலை 5, சனி

மறுபடியும் அவளிடம் போய்விட்டு வந்தார். அதுவும் இஸ்திரி போட்ட சட்டையில்.

"அன்னிக்கே பல்லைக் காட்டியாச்சே, பொறவு எதுக்குங்க போனீங்க?"

"சும்மா. ஒரு சந்தேகம் கேக்கோணும்னு."

"பல்லுல என்னங்க சந்தேகம்?"

சாப்பிட உட்கார்ந்தவர் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுலோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், தட்டைப் பார்த்தார். "கொழம்பு நல்லாருக்குது" என்றார்.

எனக்குத் தெரியாதா? இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு. அது வெளியே வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. மகளும் பக்கத்தில் இல்லை, இந்த மனுஷனை விட்டால் எனக்கு யாரும் இல்லை. அவளிடம் இவர் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஜூலை 6, ஞாயிறு

பல்லிடுக்கில் விட்டு இழுக்க மெழுகு நூல் ஒன்று கொண்டு வந்திருக்கிறார். அதுவும் அவள் சொன்னதுதான். பிரஷ் போகாத இடமெல்லாம் அது போகுமாம். விரலில் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் தடுமாறினார். "நீ நூலோடயே பொழங்கறவ, உனக்குச் சுளுவா வரும். செஞ்சு பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

"என்ற வாயில நூல் போறது பொழப்புக்கு மட்டும்ங்க. அவ குடுத்த நூலை நீங்களே வெச்சுக்கங்க" என்றேன். நீட்டின கையை மடக்கிக்கொண்டு போனார். பாவமாக இருந்தது. ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை.

அவர் இல்லாதபோது அந்த டப்பாவை முகர்ந்து பார்த்தேன். புதினா வாசம்.

ஜூலை 12, சனி

கீழ் ஈறு வீங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கிராம்பு அடக்கினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்கே கூட்டிக்கொண்டு போவார் என்று தெரியும்.

தைத்ததை எடுத்துப் போக எக்ஸ்போர்ட் கம்பெனி சூப்பர்வைசர் பவானி வந்தாள். எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிறவள், வாசலிலேயே நின்றுகொண்டாள். வெங்காயச் சட்னி அரைத்திருந்தேன், அந்த வாடை போல.

ஜூலை 16, புதன்

நூல் கடிக்கும்போது கீழ் முன்பல் ஆடியது. ஆடவில்லை, ஆடின மாதிரி இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடத்தான் செய்கிறது.

ஜூலை 19, சனி

போய்விட்டேன். அவர் வேலைக்குக் கிளம்பினதும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பல்லுக்காக இல்லை. அவளிடம் நேருக்கு நேராக நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான். ஆனால் டோக்கன் வாங்காமல் உள்ளே விட மாட்டார்கள் என்றதால் பல் ஆடுகிறது என்று சொல்லி வாங்கினேன்.

கேட்க வேண்டியதை எல்லாம் படிக்கட்டிலேயே மனதில் அடுக்கி வைத்திருந்தேன். உள்ளே போனதும் அவள், "வாங்கம்மா, சாஞ்சு உக்காருங்க" என்றாள். அடுத்து, "ஆ காட்டுங்க" என்றாள். திட்ட வந்தவளை ஆ காட்டச் சொன்னால் எப்படித் திட்டுவது? விளக்கை முகத்துக்கு மேலே இழுத்து, குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"நூலைப் பல்லால கடிப்பீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"கத்தரிய நூல்ல கட்டிக் கழுத்துல மாட்டிக்கங்கம்மா. கெட்டி பிரஷா? அழுத்தித் தேய்ப்பீங்க, இல்ல? ரத்தம் வந்ததும் தேய்க்கறதை விட்டிருப்பீங்க."

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். ரத்தம் வந்தால் இன்னும் மெதுவாக, இன்னும் ஒழுங்காகத் தேய்க்க வேண்டுமாம், விடக் கூடாதாம். ஈறுக்கு அடியில் காரை இறங்கிச் சீழ் கட்டியிருக்கிறதாம். கீழ் முன்பல் இரண்டும் ஆடுகின்றனவாம். இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் கையோடு வந்திருக்கும் என்றாள். இரண்டு மூன்று தடவையாக ஈறுக்கு அடிவரை சுத்தம் செய்து, ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டினால் காப்பாற்றப் பார்க்கலாமாம். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று சொல்வார்களே என்றேன். காரைதான் அரித்து ஆட வைக்கிறது, எடுத்த பிறகுதான் ஈறு இறுகும் என்றாள். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தமும் பார்க்கச் சொன்னாள்.

அப்புறம் கையுறையைக் கழற்றிக்கொண்டே, மெதுவாகக் கேட்டாள். "ரொம்ப நாளா வாடை இருந்திருக்கும்மா. வீட்ல யாரும் சொல்லலையா?"

எனக்குப் புரியவில்லை. "என்ன வாடை?" என்றேன்.

அவள் தன் வாயை விரலால் தொட்டுக் காட்டினாள். அப்போதுதான் சுவர்ப்பக்கம் திரும்பின முதுகும், மூக்கில் வைத்த முந்தானையும், வாசலிலேயே நின்ற பவானியும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு முன்னால் வந்து நின்றார்கள். அந்த நாற்காலியிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடாமல், கேட்க வந்ததை ஆங்காரத்தோடு கேட்டேன்.

"நாச்சிமுத்துன்னு ஒருத்தரு. பஸ் பாடி கம்பெனியில சீட் அடிக்கறவரு. உங்ககிட்ட எதுக்குங்க ரெண்டாந்தடவ வந்தாரு? நான் அவருக்குப் பொண்டாட்டி."

அவள் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒருத்தர் பேசினதை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லக் கூடாதும்மா. ஆனா நீங்க வேற என்னமோ நெனச்சு வந்திருக்கீங்க, அதனால சொல்றேன். முதல் தடவ வந்தப்பவே அவர் தன் பல்லுக்காக வரல. வீட்டுக்காரம்மாவுக்கு வாய்ல வாடை வருது, ஈறு கெட்டிருக்கு, அவங்ககிட்ட சொல்லாம சரி பண்ண வழி இருக்கான்னு கேட்டார். சொல்லிடுங்கன்னு சொன்னேன். எனக்கு வாய் வராதுன்னார். அப்ப நீங்க அவங்க கண் முன்னால எல்லாம் செய்யுங்க, பாத்துட்டு அவங்களும் செய்வாங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

"ரெண்டாந்தடவ?"

"நான் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன், அவ செய்ய மாட்டேங்கறா, இனி என்ன பண்றதுன்னு கேட்டார்."

முதல் சுத்தத்தை இன்றே கீழ் வரிசையில் செய்துவிட்டாள். வாயை மரத்துப் போக வைத்திருந்ததால் வலிக்கவில்லை. கை அவ்வளவு மெதுவாக இருந்தது. அது வேறு எனக்குக் கடுப்பாக இருந்தது.

பஸ்ஸில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அவர் என்னை ஏமாற்றவில்லை என்று தெரிந்து சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வாய் நாறுகிறது என்று இன்னொரு பெண்ணிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று அப்போது தோன்றியது. அது பொய், இருந்தாலும் தோன்றியது.

அவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். மரத்த வாயோடு, "அவகிட்டச் சொல்ல வாய் வந்துச்சு, என்கிட்டச் சொல்ல வரலைங்களா?" என்று கேட்டேன்.

டிபன் பாக்ஸைப் பிடித்தபடி நின்றார். எங்கே போய்விட்டு வந்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. "சிரிக்கறப்பவே நீ கையை வெச்சு மூடிக்கறவ. இதையுஞ் சொன்னா என்ற முன்னால வாயே தொறக்க மாட்டீன்னு பயந்துட்டேன், சுலோ."

"தலையைச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாமத்தானே இருந்துச்சு" என்றார்.

அது உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. "இனி என்னப் பத்தி எதுன்னாலும் மொதல்ல என்கிட்டச் சொல்லோணும். அதுக்கப்பறம்தான் அக்கா, டாக்டர் எல்லாரும்."

"கோவிச்சுக்குவியே."

"கோவிச்சுக்குவேன். அது என்ற பாடு."

டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அழுதேன். ராத்திரி குழாயடியில் அவர் பக்கத்தில் நின்று நானும் தேய்த்தேன். அவர் சொல்லிக் கொடுக்க வந்தார். எனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் பல் தேய்த்துவிட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றேன். "சொல்லுங்க, இப்ப அடிக்குதுங்களா?"

தர்மசங்கடமாக நெளிந்தார். நான் நகரவில்லை. கிட்டே வந்து, "அடிக்குது" என்றார்.

நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் என்னிடமே சொன்னார்.

ஜூலை 26, சனி

இரண்டாவது சுத்தம். அவரும் வருகிறேன் என்றார். எதிரே நூல் கடை வாசலில் நின்றால் போதும், மேலே வர வேண்டாம் என்றேன். சந்தேகமில்லை. இருந்தாலும் வேண்டாம்.

அவள் சிரித்துக்கொண்டே, "கத்தரியைக் கழுத்துல மாட்டியிருக்கீங்க போல" என்றாள். மாட்டிக்கொண்டதை மறந்து பஸ்ஸிலும் அப்படியே வந்திருக்கிறேன். சர்க்கரை இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. மேல் வரிசையைச் சுத்தம் செய்து, கீழ் முன்பல்லை உள்பக்கம் கம்பி வைத்துக் கட்டினாள். வெளியே தெரியவில்லை. நல்ல வேலைக்காரிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் பல்லைப் பார்த்தால் மட்டும் இன்னும் வயிறு எரிகிறது.

ஜூலை 29, செவ்வாய்

"இன்னிக்கு?"

"கொஞ்சம்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

துப்பினால் சிவப்பு இல்லை. மெழுகு நூல் எனக்கு அவரைவிட நன்றாக வருகிறது. அவர் கடைவாய்க்குள் விரலை விட்டுத் திணறுவதைப் பார்த்துச் சிரித்தேன். கையை வைத்து மூடவில்லை என்று பிறகுதான் கவனித்தேன்.

வழக்கம்போல முன்னால் போய் நின்று, "இன்னிக்கு எப்பிடீங்க?" என்றேன்.

முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டு வந்தார். எப்போதும் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறவர் அப்படியே நின்றார். அவர் வாயில் புதினா வாசம்.

"என்னுங்க, இத்தனை நேரம்?"

"சரியாத் தெரியல. இன்னொருக்கா பாக்கறேன்."

மறுபடியும் பார்த்தார். மறுபடியும் தெரியவில்லையாம். கதவு திறந்திருக்கிறது, பவானி வருகிற நேரம் என்றேன். போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"இதுவும் பல்லுக்காரி சொன்னதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "இது நானா."